பரண்ல கிடக்கிற பழைய ஹண்டர் கிட்டை ஒரே வீக்கெண்ட்ல கட்டி முடிக்கிறது எப்படி

மாடல் கட்டுற பழக்கம் இருக்கிறவங்க வீட்டுப் பரண்ல பார்ட்ஸா வாங்கி ஒட்டிக் கட்டுற பழைய பிளாஸ்டிக் கிட் ஒண்ணாவது கிடக்கும். பெட்டி ஓரம் நைஞ்சு போயிருக்கும், டீகால் ஷீட் (தண்ணியில நனைச்சு ஒட்டுற சின்னப் படங்க) மஞ்சளாகியிருக்கும், பார்ட்ஸ் பாதி ஸ்ப்ரூல, அதாவது அதைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் சட்டத்துல இருந்து கழண்டு உள்ள உருண்டுக்கிட்டு கிடக்கும். டைம் கிடைக்கும்போது பொறுமையா கட்டலாம்னு எடுத்து வச்சது, அந்த டைம் வரவே வராது. என்கிட்ட அப்படி இருந்தது ஏர்ஃபிக்ஸ் கம்பெனியோட பழைய 1/72 (நிஜத்துல 72ல ஒரு பங்கு) ஹாக்கர் ஹண்டர், பிரிட்டிஷ் போர் ஜெட். புது கிட் ஒண்ணை மூணு மாசமா இழுத்துக்கிட்டு இருந்தப்போ வெறுத்துப் போய் இதை ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி கையில எடுத்தேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஷெல்ஃப்ல ஏத்திட்டேன். அதுக்கப்புறம் இதே முறையில இன்னும் சில பழைய ஜெட் கட்டியாச்சு, அதனால நம்பி எழுதுறேன்.

முதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். இந்த மாதிரி சின்ன ஜெட்ல கை வேலைன்னு பார்த்தா எனக்கு மொத்தம் ஏழெட்டு மணி நேரம்தான் ஆகுது. மீதி நேரமெல்லாம் பசை காயுறதுக்கும் பெயிண்ட் காயுறதுக்கும் போகுது. அதனால வேகமா கட்டணும்னா கையை வேகமா ஆட்ட வேண்டியதில்ல, காயுற நேரத்தை நீங்க தூங்குற நேரத்துலயும் சாப்பிடுற நேரத்துலயும் கொண்டு போய் வைக்கணும். அப்புறம் எதெல்லாம் செய்யப் போறதில்லன்னு பெட்டியைத் திறக்கிறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும். நடுவுல போய் "இதையும் கொஞ்சம் சரி பண்ணிடலாமே"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா அது திரும்ப பரணுக்குத்தான் போகும்.

ஹண்டருக்கு நான் எடுத்த முடிவு மூணு. சக்கரம் உள்ள மடங்கி, பறக்கிற மாதிரி கட்டுறது. காக்பிட்டுக்குள்ள பைலட்டை உக்கார வைக்கிறது. ஒரே கலர் அடிக்கிறது.

ஒரே கலர்னா எந்தக் கலர்? இங்கதான் ஹண்டர் நமக்கு ரொம்ப தோதான விமானம். பிரிட்டிஷ் விமானப்படையோட 111வது ஸ்குவாட்ரன் 1950கள் கடைசியில பிளாக் ஏரோஸ்னு ஒரு சாகச டீம் வச்சிருந்தாங்க, அவங்க ஹண்டர் எஃப்.6 (ஹண்டர்ல ஒரு வகை, நம்ம கிட்டும் அதுதான்) முழுக்க பளபளப்பான கருப்பு. 1958 ஃபார்ன்பரோ ஏர் ஷோல 22 ஹண்டரை ஒண்ணா சேர்த்து வானத்துல லூப் அடிச்சது அவங்கதான். மேல கீழ எல்லாம் கருப்புங்கிறதால கேமோஃப்ளாஜுக்கு மாஸ்க் பண்ற வேலை இல்ல, டீகால் ஒட்டுறதுக்கு முன்னாடி தனியா கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடிக்கிற வேலையும் இல்ல, ஏன்னா பெயிண்டே கிளாஸ். ரெண்டு ராத்திரி மிச்சம்.

சிவப்பு ஹண்டர் ஒண்ணு இருக்கே, அதையும் ஒரே கலர்ல அடிக்கலாமேன்னு கேப்பீங்க. 1953 செப்டம்பர் 7ஆம் தேதி நெவில் டியூக் மணிக்கு 727.6 மைல் வேகத்துல உலக சாதனை பண்ணின விமானம் அது. பார்க்க அவ்வளவு அழகா இருக்கும், ஆனா அது மார்க் 3, மூக்கு ஊசி மாதிரி கூரா இருக்கும், எஃப்.6 கிட்ல இருந்து அதைக் கொண்டு வரணும்னா மூக்கையே புதுசா செதுக்கணும், வீக்கெண்ட் வேலை கிடையாது. நம்ம இந்திய விமானப்படை ஹண்டர் கட்டணும்னு ஆசை எனக்கும் உண்டு, 1971 டிசம்பர்ல லோங்கேவாலால பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கினது ஜெய்சால்மர்ல இருந்து கிளம்பிப் போன ஹண்டருங்கதான். அது பச்சையும் சாம்பலும் கலந்த கேமோஃப்ளாஜ், ரெண்டாவது கிட்டுக்கு வச்சுக்கோங்க.

ஆனா கருப்புல ஒரு கஷ்டம் இருக்கு, அதை மறைக்கக் கூடாது. கிளாஸ் கருப்பு எந்தக் குறையையும் மன்னிக்காது. ஜாயிண்ட்ல ஒரு முடி அளவு கோடு இருந்தாலும் வெளிச்சத்துல பளிச்சுன்னு தெரியும். அதனால பெயிண்ட்ல மிச்சம் பிடிச்ச நேரத்துல பாதியை ஜாயிண்ட்ல செலவு பண்ணணும். எனக்கு இது பிடிச்ச பேரம்தான், மாஸ்கிங் டேப்போட மல்லுக்கட்டுறதை விட உப்புத்தாள் தேய்க்கிறது மனசுக்கு நிம்மதியா இருக்கு.

ஒரு வாரம் முன்னாடியே செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை, டீகால். மஞ்சளான டீகால் ஷீட்டை ஜிப் கவர்ல போட்டு நல்லா வெயில் படுற ஜன்னல் கண்ணாடியில, படம் இருக்கிற பக்கம் வெளிய பார்க்கிற மாதிரி டேப் போட்டு ஒட்டிடுங்க. வெயில் அந்த மஞ்சளை வெளுக்க வச்சிடும், நம்ம ஊர் வெயிலுக்கு ஒரு வாரத்துலயே வித்தியாசம் தெரியும். அப்புறம் தேவையில்லாத ஒரு சின்ன டீகாலை வெட்டி தண்ணியில போட்டுப் பாருங்க. துண்டு துண்டா உடைஞ்சா பயப்படாதீங்க, ஷீட் முழுக்க ஸ்ப்ரே வார்னிஷ் லேசா ரெண்டு கோட் அடிச்சு காய வைங்க, அது மேல ஒரு தோல் மாதிரி பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு டீகாலையும் ஓரத்தை ஒட்டி தனித்தனியா வெட்டணும், ஏன்னா வார்னிஷ் அடிச்சதுல ஷீட் முழுக்க ஒரே டீகாலா ஆயிருக்கும்.

வெள்ளிக்கிழமை ராத்திரி

சாப்பிட்டு முடிச்சதும் முதல் வேலை, ஸ்ப்ரூ எல்லாத்தையும் வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற லிக்விட் ரெண்டு சொட்டு விட்டு பழைய டூத் பிரஷ்ஷால கழுவுங்க. அச்சுல இருந்து பிளாஸ்டிக் ஈஸியா வரணும்னு தடவுற எண்ணெய்ப் பசை பழைய கிட்ல நிறைய ஒட்டியிருக்கும், அது மேல பெயிண்ட் நிக்காது. ஃபேன் அடியில அரை மணி நேரம் காயட்டும், அந்த அரை மணி நேரத்துல இன்ஸ்ட்ரக்‌ஷன் பேப்பரைப் படிச்சு எந்த பார்ட்ஸ் வேண்டாமோ அதெல்லாம் பென்சில்ல அடிச்சிடுங்க. லேண்டிங் கியர் காலு, சக்கரம் எல்லாம் போச்சு. அதோட மூக்குல வெயிட் வைக்கிற கவலையும் போச்சு, சக்கரத்துல நிக்க வச்சா ஹண்டர் வால் கனத்துல பின்னாடி உக்காந்துடும், தூண்டில் ஈயமெல்லாம் மூக்குக்குள்ள அடைக்கணும். பறக்கிற மாதிரி கட்டினா அது எதுவும் கிடையாது.

பார்ட்ஸை ஸ்ப்ரூல இருந்து கையால திருகிப் பிய்க்காதீங்க, பழைய பிளாஸ்டிக் விரைச்சுப் போயிருக்கும், பார்ட்டோட ஒரு துண்டு பிஞ்சுக்கிட்டு வந்துடும். நிப்பர் இல்லைன்னா நல்ல நெயில் கட்டர் போதும், கொஞ்சம் தள்ளி வெட்டிட்டு மிச்சத்தை பிளேடால சீவுங்க. ஓரத்துல மெல்லிசா பிளாஸ்டிக் சவ்வு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், அச்சு தேய்ஞ்சு போனதால வர்ற ஃப்ளாஷ் அது. பிளேடோட முதுகை வச்சு சுரண்டினா சுத்தமா வந்துடும்.

காக்பிட்ல பழைய கிட்காரங்க நமக்கு ஒரு சீட்டும் ஒரு பொம்மை பைலட்டும்தான் குடுத்திருப்பாங்க, வேற எதுவும் எதிர்பார்க்காதீங்க, புதுசா எதுவும் சேர்க்கவும் வேண்டாம். உள்ள முழுக்க மேட் கருப்பு, பைலட்டுக்கு ஹெல்மெட் வெள்ளை, மூஞ்சிக்கு ஒரு தோல் கலர், ஆக்சிஜன் மாஸ்க்குக்கு ஒரு கரும்பச்சை பொட்டு. கேனபி, அதாவது காக்பிட் மேல வர்ற கண்ணாடி மூடி, மூடினதுக்கப்புறம் கண்ணுக்குத் தெரியறது அந்த வெள்ளை ஹெல்மெட் மட்டும்தான், அது நல்லா இருந்தா காக்பிட் முழுக்க நல்லா இருக்கிற மாதிரி தோணும். பின்னாடி ஜெட் பைப் உள்பக்கம் கன்மெட்டல் (கருஞ்சாம்பல் இரும்பு) கலர். ஹண்டருக்கு காத்து போற வாய் இறக்கை பாடியோட சேர்ற இடத்துல முக்கோணமா இருக்கும், பழைய கிட்ல அதுக்குள்ள எட்டிப் பார்த்தா பாடிக்குள்ள வெறும் காலிதான், மத்த கலர்ல அது அசிங்கமா இருக்கும், கருப்பு விமானத்துல உள்ளயும் கருப்படிச்சு விட்டா யாருக்கும் தெரியாது.

இப்ப முக்கியமான வேலை. தூங்கப் போறதுக்கு முன்னாடி பாடி ரெண்டு பாதியையும், இறக்கை மேல்பாதி கீழ்பாதியையும் ஒட்டிடணும். இன்னிக்கு ராத்திரி ஒட்டலைன்னா வீக்கெண்ட் கணக்கே தப்பிடும். ஸ்டாண்டுக்கு ஓட்டை போடுறதா இருந்தா பாடியை ஒட்டுறதுக்கு முன்னாடியே போட்டு உள்பக்கம் ஒரு ஸ்ப்ரூ துண்டை ஒட்டி பலப்படுத்துங்க. அந்தக் காலத்து கிட்ல ஸ்டாண்டுக்கே ஒரு துளை வச்சிருப்பாங்க, இருந்தா அதையே பயன்படுத்துங்க.

ஒட்டுறதுக்கு டமியா எக்ஸ்ட்ரா தின் மாதிரி தண்ணியா ஓடுற பசைதான் நல்லது, ட்யூப்ல வர்ற கெட்டிப் பசை இந்த வேகத்துக்கு ஒத்து வராது. ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிச்சு ஜாயிண்ட் மேல பிரஷ்ஷால தொட்டா பசை தானா உள்ள ஓடிடும். அஞ்சு செகண்ட் விட்டு ரெண்டு பக்கமும் அழுத்துங்க, உருகின பிளாஸ்டிக் மெல்லிசா ஒரு நூல் மாதிரி ஜாயிண்ட் மேல பிதுங்கி வரணும். அந்த நூல்தான் உங்க புட்டி. அதை இப்பத் தொடவே தொடாதீங்க. ரெண்டு இன்ச் ரெண்டு இன்ச்சா இப்படியே போயிட்டு ரப்பர் பேண்டும் துணி கிளிப்பும் போட்டு வச்சிட்டு படுங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டே வேலை பாருங்க, அந்த வாசனை தலைவலி குடுக்கும்.

சனிக்கிழமை

காலைல எந்திரிச்சதும் உப்புத்தாளைத் தூக்காதீங்க, குறைஞ்சது பத்து பன்னெண்டு மணி நேரம் பாடி ஜாயிண்ட் காயணும். பசை உள்ள ஈரமா இருக்கும்போதே தேய்ச்சு சமமாக்கினா பார்க்க நல்லாத்தான் இருக்கும், ரெண்டு நாள் கழிச்சு பிளாஸ்டிக் சுருங்கி பெயிண்டுக்கு அடியில ஒரு பள்ளக் கோடு விழும். என்னோட முதல் கருப்பு விமானம் அப்படித்தான் கெட்டுப் போச்சு, பார்க்கும்போதெல்லாம் அந்தக் கோடு மட்டும்தான் கண்ணுல படும்.

அந்த நேரத்துல கேனபியைப் பாருங்க. பழைய கிட் கேனபி கீறலோட மங்கலா இருக்கும். 2000 நம்பர் தாளை தண்ணியில நனைச்சு லேசா தேய்ச்சிட்டு, காட்டன் துணியில சாதா வெள்ளை டூத் பேஸ்ட் வச்சு வட்டமா தேய்ச்சா பளிங்கு மாதிரி வந்துடும். நல்லா கழுவிட்டு கிளியர் அக்ரிலிக் கிளாஸ்ல முக்கி எடுத்து டிஷ்யூ மேல நிக்க வச்சு, தூசி விழாம ஒரு டம்ளரைக் கவுத்து வைங்க.

சக்கரக் கதவுங்கதான் இந்த முறையில ஒரே தலைவலி, ஏன்னா பழைய கிட்ல கதவெல்லாம் திறந்து தொங்குற மாதிரி யோசிச்சு செஞ்சது, மூடினா சரியா உக்காராது. குழிக்குள்ள ஓரத்துல ஸ்ப்ரூ துண்டுங்களை ஒட்டி ஒரு படி மாதிரி பண்ணிக்கோங்க, கதவு அது மேல படுத்துக்கும், பெருசா இருந்தா ஓரத்தைத் தேய்ச்சு சின்னதாக்குங்க. ஒரு மணி நேரம் ஆகும்னு வச்சுக்கோங்க. ஆனா காலு, சக்கரம், குழி பெயிண்ட் எல்லாம் இதுல மிச்சமாகுது.

மதியத்துக்கு மேல பாடி ரெடி. பிதுங்கி நின்ன நூலை பிளேடு முதுகால சுரண்டி, 400, 800, 1200னு உப்புத்தாள் தண்ணி தொட்டு தேய்ங்க. மேல எழும்பி நிக்கிற பேனல் கோடும் ரிவெட்டும் பழைய ஏர்ஃபிக்ஸோட அடையாளம், ஜாயிண்ட் பக்கத்துல இருக்கிறதெல்லாம் தேய்ஞ்சு போகும், போகட்டும். கோடெல்லாம் திரும்ப கீறி எடுக்கிறேன்னு இறங்கினா ஒரு மாசம் ஆயிடும். என்னைக் கேட்டா மிச்சம் இருக்கிற ரிவெட்டையும் 800 தாளால லேசா தடவி அடக்கி விடுங்க, கருப்பு கிளாஸுக்கு அடியில அது மெல்லிசா தெரியறது அவ்வளவு அழகா இருக்கும்.

மூக்குக்கு அடியில ரெண்டு புடைப்பு இருக்கும். பீரங்கி குண்டு பெல்ட்டோட இணைப்புங்க சுடும்போது கழண்டு வெளிய விழுந்து விமானத்துல அடிக்காம சேத்து வைக்கிறதுக்கு வச்சது, அந்தக் காலத்து பிரிட்டிஷ் டிவி நடிகை ஒருத்தங்க பேரால சப்ரினான்னு கூப்பிடுவாங்க. அது ரெண்டுக்கும் நடுவுல ஜாயிண்ட் போகும், உப்புத்தாள் போகாது, ஐஸ் குச்சியை ஒல்லியா சீவி அதுல தாளை ஒட்டி உள்ள விடுங்க.

அப்புறம் இறக்கையை பாடியோட சேருங்க. இங்க இடைவெளி கண்டிப்பா இருக்கும், பழைய கிட்னா இறக்கை அடியில ஒரு படி நிக்கும். புட்டி போட்டா காயுறதுக்கு ஒரு ராத்திரி போயிடும், அதனால நான் ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூதான் போடுவேன். பல் குத்துற குச்சி நுனியில எடுத்து இடைவெளி முழுக்க வரிசையா வச்சிட்டு, பத்து பதினஞ்சு நிமிஷத்துல காஞ்சதும் உடனே தேய்ச்சிடணும். ராத்திரி முழுக்க விட்டுட்டா அது பிளாஸ்டிக்கை விட கல்லாயிடும், தேய்க்கும்போது பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக்தான் கரையும், பசை மேடாவே நிக்கும். தேய்க்கிற தூள் மூக்குக்குள்ள போகாம மாஸ்க் போட்டுக்கோங்க. வால் சிறகுகளை ஒட்டும்போது பின்னாடி நின்னு ஒரு கண்ணை மூடிப் பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல இருக்கணும், ஒரு பக்கம் தொங்கினா மத்த எல்லாம் சரியா இருந்தும் விமானம் நொண்டி மாதிரி தெரியும்.

கேனபியை ஃபெவிகால்ல ஒட்டுங்க. சூப்பர் க்ளூ போட்டா அதோட புகை கண்ணாடியில வெள்ளையா படிஞ்சிடும், அவ்வளவு நேரம் பாலிஷ் பண்ணினது வீணாயிடும். ஃபெவிகால் காஞ்சதும் மாஸ்கிங் டேப்பை மேல ஒட்டி, பல் குத்துற குச்சியால ஃப்ரேம் ஓரத்துல அழுத்தி, புது பிளேடால வெட்டி எடுங்க. ஹண்டர் கேனபியில ஃப்ரேம் கம்மி, கால் மணி நேர வேலை. படுக்கிறதுக்கு முன்னாடி கிரே ப்ரைமர் ஒரு கோட் அடிச்சு, டார்ச்சை சாய்வா பிடிச்சு ஜாயிண்டெல்லாம் பாருங்க. கோடு தெரிஞ்சா இன்னிக்கே ஒரு பொட்டு க்ளூ வச்சு தேய்ச்சு, அந்த இடத்துல மட்டும் திரும்ப ப்ரைமர்.

ஞாயித்துக்கிழமை

காலைல பத்து பதினோரு மணிக்கு, ஈரக்காத்து இல்லாத நேரம் பார்த்து ஸ்ப்ரே பண்ணுங்க. மழை நாள்ல அடிச்சா லாக்கர் கருப்பு பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போகும். நான் பயன்படுத்தினது டமியா டி.எஸ்.14 கேன். ஹம்ப்ரால் 21ஆம் நம்பர் எனாமலும் அருமையான கருப்புதான், ஆனா அது தொடுற மாதிரி காயவே ஒரு நாள் முழுக்க வேணும், வீக்கெண்டுக்கு ஆகாது. ஹார்ட்வேர் கடை கேன் வாங்கினா முதல்ல ஒரு ஸ்ப்ரூ துண்டுல அடிச்சுப் பாருங்க, சிலது பிளாஸ்டிக்கையே அரிச்சிடும். கேனை வெதுவெதுப்பான தண்ணியில அஞ்சு நிமிஷம் வச்சு எடுத்து நல்லா குலுக்கினா பெயிண்ட் மெல்லிசா சீரா வரும், கொதிக்கிற தண்ணியில மட்டும் வச்சிடாதீங்க.

ஸ்டாண்ட் ஓட்டையில ஒரு குச்சியைச் சொருகிப் பிடிச்சுக்கிட்டு, ஓரடிக்கு கொஞ்சம் உள்ள தூரத்துல இருந்து, விமானத்துக்கு வெளிய ஆரம்பிச்சு வெளிய முடிக்கிற மாதிரி வீசி அடிங்க. முதல் ரெண்டு கோட் பனி மாதிரி, அடியில கிரே தெரியணும், அதுல அவசரப்பட்டு மூடப் பார்த்தா வழிஞ்சிடும். பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டு மூணாவது கோட் ஈரமா, பளபளன்னு. அவ்வளவுதான், ஒரு அட்டைப்பெட்டியைக் கவுத்து மூடி வச்சிட்டு போய் சாப்பிடுங்க, வீட்ல யார்கிட்டயாவது பேசுங்க, நாலு மணி வரைக்கும் பெட்டியைத் தூக்கிப் பார்க்காதீங்க. கைரேகை பதிஞ்சா கருப்புல அதை எடுக்கவே முடியாது.

டீகால்ல ஒரு எச்சரிக்கை. பழைய டீகால்ல மை மெல்லிசா இருக்கும், கருப்பு மேல ஒட்டினா பிரிட்டிஷ் விமானப்படை அடையாளமான வட்டத்தோட நீலமும் சிவப்பும் அடியில இருக்கிற கருப்போட கலந்து மங்கிடும், வெள்ளை சாம்பலாயிடும். உபரி வட்டம் இருந்தா ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு ஒட்டுங்க. இல்லைன்னா வெறும் வெள்ளை டீகால் ஷீட்ல, வட்டத்தை விட ஒரு முடி சின்னதா வெட்டி முதல்ல அதை ஒட்டிட்டு மேல வட்டத்தை வைங்க. பெட்டியில 111ஆவது ஸ்குவாட்ரனோட அடையாளம் இல்லைன்னா தனியா விக்கிற டீகால் செட் வாங்கலாம், வரும் வரைக்கும் வட்டங்களோட நிறுத்திக்கலாம், பின்னாடி எப்ப வேணா சேர்க்கலாம். ஒட்டினதும் அடியில இருக்கிற தண்ணியை காட்டன் பட்ஸால நடுவுல இருந்து வெளிய உருட்டி எடுங்க, கொஞ்சம் வெள்ளை வினிகரை தண்ணியில கலந்து மேல தொட்டு வச்சா ரிவெட் மேல டீகால் நல்லா படிஞ்சுக்கும்.

கடைசியா பிட்டாட் டியூப், விமானத்தோட வேகம் அளக்க இறக்கையில நீட்டிக்கிட்டு இருக்கிற குழாய். கிட்ல குடுத்தது கம்பம் மாதிரி தடிமனா இருக்கும், நீங்க தொடும்போது உடைஞ்சும் போயிருக்கும். ஒரு ஸ்ப்ரூ துண்டை மெழுகுவத்தி சுடருக்கு ஓரிஞ்ச் மேல உருட்டிக்கிட்டே காட்டுங்க, பளபளன்னு தொய்ஞ்சதும் நெருப்புல இருந்து எடுத்துட்டு ரெண்டு பக்கமும் நிதானமா இழுத்தா ஊசி மாதிரி இழை வரும். வேணும்ங்கிற அளவு வெட்டி, இறக்கை நுனிகிட்ட ஊசியால ஒரு குழி போட்டு ஒட்டுங்க.

கேனபி டேப்பை உரிச்சிட்டு ஸ்டாண்ட்ல ஏத்துங்க. முழு நீளம் 19 சென்டிமீட்டருக்கு மேல வரும், அதனால ஷெல்ஃப்ல அதுக்கேத்த இடம் பார்த்துக்கோங்க. ஸ்டாண்ட் கம்பியை நேரா வைக்காம மூக்கு கொஞ்சம் மேல, இடது இறக்கை கொஞ்சம் கீழ சாயற மாதிரி வளைச்சு வைங்க. மேல இருந்து ஒரு லைட் அடிச்சா முதுகு வளைவுல வெள்ளையா ஒரு கோடு வால் வரைக்கும் ஓடும், ஜாயிண்டை சரியா தேய்ச்சிருந்தா அந்தக் கோடு எங்கயும் உடையாது.